பத்து அம்சமும் ஓர் இழுப்பறையும்

1

காலைத் தபாலில் வந்த ஒரு தாள் என் மேசைமேல் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குப் போகப் பதினான்கு அடி நடக்க வேண்டும். தாள் வந்தது ஒன்பது மணிக்கு. இப்போது மணி பதினொன்று. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

பினாங்குக்கு நான் வந்து இந்தச் சித்திரையோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. "அக்கரையில் ஒரு வியாழவட்டம் கழித்துவிட்டீர்களே, நம் பத்திரிகைக்கு அனுபவங்களை எழுதக் கூடாதா?" என்று தென்காசி நண்பர் கேட்டு எழுதியிருக்கிறார். கப்பலில் வாந்தி எடுத்தது, சீனர்களின் கடைத்தெரு, ரப்பர் மரம் என்று எழுதினால் நண்பர் திருப்திப்படுவார். ஆனால் கண் முன்னால் இந்தத் தாள் கிடக்கும்போது ரப்பர் மரத்தில் மனசு ஓடவில்லை. ஆகையால் தாளைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

நான் இலத்தூர்க்காரன். தென்காசியில் ஒரு மரக்கடையில் நாலு வருஷம் பில் எழுதிவிட்டுக் கப்பலேறியவன். இப்போது பாக்கு, மிளகு, கிராம்பு ஏற்றுமதி செய்யும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் பெரிய கிராணி. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. பெரிய கிராணி என்றால் துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் இருக்கிற கதவு. ஊரில் என்னைத் துரைக்கு அடுத்தபடி என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. கதவும் துரைக்கு அடுத்தபடிதான் இருக்கிறது.

2

போன புரட்டாசியில் சீமையிலிருந்து, அதாவது கம்பெனியின் தலைமை ஆபீஸிலிருந்து, ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் உற்சாகத்தோடும் நல்லெண்ணத்தோடும் வேலை செய்வதற்கான நடைமுறை வழிகள் எவை என்று ஒவ்வொரு கிளையும் பத்து அம்சமாக எழுதி அனுப்ப வேண்டும். பதினைந்து நாள் கெடு, மூன்று பிரதிகள். சந்தோஷத்துக்கும் மூன்று பிரதி கேட்கிற ஜாதி உலகத்தில் வெள்ளைக்காரன் ஒருவன்தான்.

துரை புதியவர். வந்து ஆறு மாதம்தான். அதற்கு முன் இலங்கையில் எங்கேயோ மலைத் தோட்டத்தில் இருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தோம், கேள்விப்பட்டதை மறந்தும் போயிருந்தோம். ஆபீஸில் அவர் இங்கிலீஷ் தவிர வேறு பேசியதில்லை. சுற்றறிக்கையை என்னிடம் தள்ளி, "கிராணி, உனக்கு ஆட்களைத் தெரியும். நீயே எழுது," என்றார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாளில் ஒன்பது அம்சம் எழுதிவிட்டேன். குடிதண்ணீர்ப் பானை வெயிலில் இருக்கக் கூடாது. ஆளை 'ஏய்' என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூட்டை தூக்குகிறவனுக்கு மூன்று மணிக்குத் தேநீர். தப்புச் செய்தவனை நாலு பேர் பார்க்க வையாமல் தனியே அழைத்து வைய வேண்டும். இப்படிப் போய் ஒன்பதாவதாக, 'ஊழியர் குறைகளை மேலுள்ளவர் பொறுமையோடு செவிமடுக்க வேண்டும்' என்று எழுதினேன். அந்த ஒன்பதாவதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் மைதீன் கதவருகே வந்து நின்றான்.

"அண்ணாச்சி, எம் லீவு விசயம்..."

"முக்கியமான வேலையா இருக்கேன், தெரியலியா? பொறவு வாலே," என்று துரத்திவிட்டு, செவிமடுக்க வேண்டும் என்பதற்கு அடியில் கோடு போட்டேன்.

மைதீன் கடையநல்லூர்க்காரன். தறியிலிருந்து எழுந்து வந்தவன். எங்கள் கிடங்கில் சரக்குப் பார்க்கிற வேலை அவனுக்கு. பாக்கு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இதுல ஈரம் இருக்கு, இத ஏத்தாதிய," என்பான். ஏற்றினால் கப்பலில் பூஞ்சணம் பூத்துப் போகும். அவன் சொன்னது தப்பியதாக எனக்கு நினைவில்லை. அவன் கப்பலேறி வந்த நாலாம் மாதம் ஊரில் அவனுக்கு ஒரு பெண் பிறந்தது. பெண்ணுக்கு இப்போது ஐந்து வயசு. அவன் அவளைப் பார்த்ததில்லை. ஊருக்குப் போய் வர ஆறு மாதம் லீவு கேட்டு மூன்று தடவை விண்ணப்பம் கொடுத்திருந்தான்.

அந்த மூன்றும் என் இழுப்பறையில் இருந்தன.

உடனே என்னைக் கொடியவன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். என் முறையைச் சொல்கிறேன். விண்ணப்பத்தைத் துரையிடம் கொடுத்தால் அவர் சரி என்பார், அல்லது இல்லை என்பார். இல்லை என்றால் ஆளுக்கு வருத்தம். சரி என்றால் எனக்கு வருத்தம், ஏனென்றால் மைதீன் இல்லாத கிடங்கை நான்தான் கட்டி மேய்க்க வேண்டும். இழுப்பறையில் வைத்துவிட்டு, "துரை மேசையில இருக்கு, பாப்போம்," என்று சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை, நம்பிக்கையும் கெடவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் என் ஆபீஸில் லீவு மறுக்கப்பட்டதே கிடையாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அது சத்தியமான வார்த்தை.

3

பத்தாவது அம்சம் கிடைக்காமல் இரண்டு நாள் திண்டாடினேன். பிறகு குற்றாலம் ஞாபகம் வந்தது.

தென்காசி மரக்கடையில் எங்கள் முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சி. செங்கோட்டை வழியாக மலையாளத்து மரம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். ரம்பக்குழியில் இறங்கி அறுக்கிறவர்கள், வண்டிக்காரர்கள், நான் என்று இருபது பேர். சம்பளத்தில் தாராளம் என்று அவரைச் சொல்ல முடியாது. வாயும் நல்ல வாயில்லை. ஆனால் ஆடி மாதம் சாரல் நன்றாகப் பிடித்ததும் ஒரு நாள் கடையை அடைத்து, இருபது பேரையும் வண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார். ஆளுக்கு ஒரு கிண்ணம் எண்ணெய். தேய்த்துக்கொண்டு பேரருவிக்குள் போய் நிற்க வேண்டியது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. அருவிக்குள் நின்றுகொண்டு, வருஷம் முழுக்க மனசில் அடக்கிவைத்ததையெல்லாம் தொண்டை கிழியக் கத்தி முதலாளியைத் திட்டலாம். பேரருவி இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. சட்டம் இரண்டுதான்: பேர் சொல்லக் கூடாது, வெளியே வந்தபிறகு யார் என்ன சொன்னார் என்று கேட்கக் கூடாது. நான் பில் எழுதும்போது முதலாளி பின்னால் வந்து நின்று மூக்குப்பொடி போட்டு என் தாளின்மேல் தும்முவார். "ஏலே பொடிமூக்கா! எம் மேசையில தும்மாதலே!" என்று நான் முதல் வருஷம் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வெளியே வந்ததும் உடம்பும் மனசும் அப்படி லேசாக இருந்தது. திரும்பும்போது வண்டியில் எல்லாரும் முதலாளியோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருவோம்.

முதலாளியும் எங்களோடுதான் குளிப்பார். அவருக்கென்று இடம் ஒதுக்கிக் கொடுத்தால் வேண்டாம் என்பார். நெரிசலில் எங்கள் நடுவில் தோளோடு தோள் உரசி நிற்பார். என்ன எளிமை என்று நாங்கள் மெச்சிக்கொள்வோம்.

ஆகவே பத்தாவது அம்சம்: 'வருஷத்துக்கு ஒரு முறை ஊழியர்களை அருவிக்கு அழைத்துச் செல்லுதல்.' திட்டுகிற விஷயத்தை எழுதவில்லை. துரைக்கு இந்த அம்சம் மிகவும் பிடித்துவிட்டது. சீமைக்கு அனுப்புமுன் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம், தானும் வருவதாகச் சொன்னார்.

4

தண்ணீர்மலைக் கோயிலுக்கு அப்பால் காட்டுக்குள் ஓர் அருவி இருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவனுக்கு அருவி என்றால் அருவிதான். அது எப்படி இரையும், எவ்வளவு அகலம் என்றெல்லாம் போய்ப் பார்த்து வரவேண்டிய பொருளா அது?

முந்தின நாள் கிடங்கில் நின்று வழக்கத்தை விளக்கினேன். மற்றவர்கள் விழித்தார்கள். மைதீன் முகம் மட்டும் மலர்ந்தது. "எங்க தறிக்கார முதலாளியும் கூட்டிட்டுப் போவாவ அண்ணாச்சி. நாங்க ஐந்தருவிக்குப் போவோம். அங்கன நின்னு நான் ஏசாத ஏச்சில்ல," என்றான். "துரையயும் ஏசலாமா?"

"தாராளமா ஏசுலே. ஒரு எழுத்து கேக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். பதினைந்து பேர். துரை தொப்பியும் மடக்கு நாற்காலியுமாக வந்து பாறைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அருவியைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஓர் ஆள் நிற்கிற அகலம். வழவழவென்ற பாறையில் தண்ணீர் சத்தமில்லாமல் வழுக்கி வந்து விழுந்தது. பக்கத்தில் ஒரு பறவை கூவியது தெளிவாகக் கேட்டது. அப்போதே நான் எச்சரித்திருக்க வேண்டும். ஆனால் மைதீன் அதற்குள் எண்ணெய் வழிய வழிய உள்ளே போய்விட்டான்.

தலைமேல் தண்ணீர் விழுகிறவனுக்கு எந்த அருவியும் பேரருவிதான். அவன் காதுக்குள் இரைச்சல். வெளியே நிற்கிற எங்களுக்கு அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையிரண்டையும் பாறையில் ஊன்றி, தொண்டையைத் திறந்தான்.

"ஏலே இலத்தூர்க்காரா!"

சட்டப்படி அவன் பேர் சொல்லவில்லை. கம்பெனியில் இலத்தூர்க்காரன் நான் ஒருவன்தான்.

"எம் மவளுக்கு அஞ்சு வயசு ஆயிட்டுலே! எம் மொகம் அவளுக்குத் தெரியாதுலே! மூணு அப்ளிகேஷன் கொடுத்தேன். மூணையும் இழுப்பறைக்குள்ள போட்டுக் கோழி மாரி அடைகாக்குதியே, என்னலே பொரிக்கப் போவுது? துரை மேசையில இருக்கு, துரை மேசையில இருக்குன்னு சொல்லுதியே, நீ சாவியத் திருப்புத சத்தம் எனக்குக் கேக்காதாலே? துரை கூட நல்லவன்லே! அவன் எனக்கு ஒண்ணும் செய்யல. நீ ஊர்க்காரன்லே!"

கடைசிச் சொல்லில் அவன் குரல் உடைந்துவிட்டது. இன்னும் என்னென்னவோ சொன்னான். அதையெல்லாம் நான் இங்கே எழுதினால் பத்திரிகை நின்றுபோகும். மற்றவர்கள் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் கால் விரல்களைப் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு மேலே கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவன் சொன்னதில் பொய்யாக ஒரு வார்த்தை கிடைத்தால் அல்லவா கோபப்பட முடியும்?

மைதீன் வெளியே வந்து தலையைத் துவட்டினான். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. "கொஞ்சம் தண்ணின்னாலும் நல்ல தண்ணி அண்ணாச்சி. நீங்க போவலியா?" என்று அன்பாகக் கேட்டான்.

துரை ரொட்டியைக் காகிதத்தில் வைத்தார். இலங்கைத் தோட்டத்துத் தமிழில், நிதானமாக, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கிராணி, அது எந்த இழுப்பறை?"

5

திங்கட்கிழமை காலை துரை என் மேசைக்கு முன்னால் நின்றார். சாவியை நானே திருப்பினேன். மைதீனுடையது மூன்று. மற்றவர்களுடையது ஐந்து. ஒவ்வொன்றையும் துரை வாசித்து அடுக்கினார். எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் பூத்துப்போன ஒரு தாள் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாருடையது?"

"என்னுடையது, துரை."

நாலு வருஷத்துக்கு முன் நான் எழுதியது. அம்மா உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தபோது, ஆறு மாதம் லீவு கேட்டு விண்ணப்பம் எழுதி, கையெழுத்தும் போட்டேன். பிறகு யோசித்தேன். நான் ஆறு மாதம் இல்லாமல் ஆபீஸ் நடந்துவிட்டால் என்ன ஆவது? நான் தேவையில்லை என்று தெரிந்துபோகுமே. நாளைக்குக் கொடுக்கலாம் என்று உள்ளே வைத்தேன்.

துரை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "உன் லீவையும் நீயே மறுத்துவிட்டாயா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மைதீனுக்கு உடனே ஆறு மாதம் லீவு. அவன் திரும்பும் வரை கிடங்கில் அவன் வேலையை நான் பார்க்க வேண்டும், என் வேலையைச் சின்னக் கிராணி பார்ப்பான். மைதீன் வந்து இறங்கியதும் நான் கிளம்பலாம். இழுப்பறைப் பூட்டை ஆள் வைத்துக் கழற்றச் சொன்னார். காலையில் என் பழைய மேசையில் உட்கார்ந்து தபாலை வாங்கிப் பிரிக்கிற உரிமையை மட்டும் என்னிடம் விட்டுவைத்தார். அது கருணையா பரீட்சையா என்று இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கடைத்தெருவிலேயே என் மனைவிக்குச் சேதி கிடைத்துவிட்டது. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒங்க அம்மைக்கு நாலு வருசமா 'லீவு கெடைக்கல, துரை விடமாட்டேங்கான்'னு எழுதுனியளே. நானும் அந்தத் துரைய எத்தன தடவ கரிச்சுக் கொட்டியிருக்கேன். அதுவும் அந்த இழுப்பறைக்குள்ளதான் கெடந்துதாக்கும்?"

அவள் ரசத்தை ஊற்றும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றினாள்.

எங்கள் மகளுக்கு எட்டு வயசு. இங்கே பிறந்தவள். மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடும்போது ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷை, எங்களோடு மட்டும் தமிழ், அதுவும் கடனே என்று. ஊருக்குப் போகிறோம், குற்றாலத்தில் குளிக்கலாம் என்றதும் கேட்டாள்: "அவ்வளவு தண்ணியா? ராத்திரி குழாய யாரு அடைப்பாங்க?" அது குழாய் இல்லையம்மா என்று நான் கால்மணி நேரம் விளக்கினேன். மேற்கு மலை, காற்று, சாரல் எல்லாம் சொன்னேன். "சரி, ஆனா யாரு அடைப்பாங்க?" என்றாள்.

6

கார்த்திகை மாதம் மைதீன் கப்பலேறினான். துறைமுகத்துக்கு நான் போயிருந்தேன். அருவியில் தான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது என்று அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அவனுக்கு வெட்கம், எனக்கு அதைவிட வெட்கம். பெட்டியைப் படகில் வைத்தபிறகுதான் பேசினான்.

"அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதிய. அருவியில சொன்னத வெளிய பேசக் கூடாதுன்னு சட்டம்லா."

"அதெல்லாம் இல்ல மைதீன். முழுசாச் சொல்லிட்டியாலே?"

"இல்ல அண்ணாச்சி. மூச்சு முட்டிட்டு. மிச்சத்த ஐந்தருவியில நின்னு சொல்லிக்கிடுதேன்," என்று சிரித்தான். படகுக்காரன் கம்பை ஊன்றித் தள்ளிவிட்டான்.

அன்றிலிருந்து பாக்கு மூட்டைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஈரமும் தெரியவில்லை, காய்ந்ததும் தெரியவில்லை. தோல் உரிந்து அரிப்புத்தான் தெரிகிறது. ஒரு தடவை ஏற்றிவிட்ட சரக்கு பூத்துப்போய்த் திரும்பி வந்தது. துரை என்னைத் தனியே அழைத்துத்தான் வைதார், அதுவும் நான் எழுதிக் கொடுத்த அம்சம். மேலே ஆபீஸில் சின்னக் கிராணி வேலை பார்க்கிறான். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நான் பயந்தது வீண்போகவில்லை.

மூட்டைக்குள் கையை விட்டபடி நிற்கும்போது ஒரு நாள் ஆவுடையப்பன் அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். நான் அருவியில் கத்திய மறுவாரம் அவர் மூக்குப்பொடி போட வாசலுக்குப் போனார். அந்த வருஷத்துக்குப் பிறகு என் தாளில் அவர் தும்மவே இல்லை. ரம்பக்குழிக்காரன் கண்ணில் தூள் விழுகிறது என்று அருவியில் அழுதிருப்பான் போலும், ஆவணியில் குழிக்குமேல் தட்டி வந்தது. வண்டிக்காரர்களுக்கு உச்சி வெயிலில் பாரம் ஏற்றுவது நின்றது. குற்றாலத் தண்ணீருக்கு மனசை இளக்குகிற குணம் உண்டு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எவ்வளவு இரைச்சலானாலும் காதுக்குப் பக்கத்திலேயே வாய் இருந்தால் கேட்கும். அந்த மனுஷர் நடுவில் தோளோடு தோள் உரசி நின்றது எளிமையால் அல்ல. இத்தனை வருஷம் கழித்து, கை அரிக்கும்போது எனக்கு இது விளங்குகிறது. பத்து அம்சம் எழுதிக் கொடுத்த மேதை நான்!

இனி அந்தத் தாள். அது மைதீனுடைய நாலாவது விண்ணப்பம். லீவை இன்னும் மூன்று மாதம் நீட்டிக் கேட்டிருக்கிறான். விண்ணப்பத்தோடு எனக்கு நாலு வரி: "அண்ணாச்சிக்கு சலாம். எம் மவ என்னய இவ்வளவு நாளும் பினாங்குக்காரர்னு தான் கூப்பிட்டா. வேத்தாளக் கண்ட மாரி உம்மா முந்தானைக்குள்ள ஒளிவா. போன வாரந்தான் மொத மொதல்ல வாப்பான்னு கூப்பிட்டா. இப்போ விட்டுட்டு வந்தா மறந்துருவா. சாரலுக்கு அவள நானே கூட்டிட்டுப் போவணும். நீங்க இத துரை மேசையில வச்சிருவியள்னு நம்புதேன்."

நம்புகிறானாம். துரை மேசையில் வைக்காமல் இருந்தால் வைகாசியில் அவன் வந்து இறங்குவான், ஆனி பிறக்கும்போது நாங்கள் நாகப்பட்டினத்தில் இறங்கியிருப்போம், சாரலுக்குத் தென்காசி. தாள் கப்பலில் தவறிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? இழுப்பறைக்குப் பூட்டுத்தான் இல்லை. உள்ளே இடம் இருக்கிறது.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். பதினான்கு அடி அல்ல, பதினாறு. துரை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது உனக்கு மூன்று மாதம், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனபோது மனைவியிடம் சொன்னேன். அவள் ரசத்தைத் தாழ்வாகவே ஊற்றினாள். மகளிடம், ஊருக்குப் போக இன்னும் மூன்று மாதம் கூடுதலாக ஆகும் என்றேன்.

"அதுக்குள்ள குழாய அடைச்சிருவாங்களா?" என்று கேட்டாள்.

நாங்கள் போய்ச் சேரப் புரட்டாசி பிறந்துவிடும். சாரல் போயிருக்கும். "அடைச்சிருவாங்கம்மா," என்றேன்.